ஜூரிப் பெட்டியில் இல்லாதவர்கள்

‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைப் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் அட்டிகஸ் ஃபின்ச்சைப் பற்றித்தான் பேசுவார்கள். வெள்ளையர் அதிகாரம் செய்யும் ஊரில் ஒரு கறுப்பருக்காக வாதாடிய வக்கீல், வெறிநாயை ஒரே குண்டில் சாய்த்தவர், முகத்தில் துப்பியவனைக்கூடத் திருப்பி அடிக்காதவர். 1962-இல் வந்த படத்தில் அந்த வேடத்துக்காக கிரெகரி பெக் ஆஸ்கர் வாங்கினார். 2003-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அமெரிக்க சினிமாவின் தலைசிறந்த நாயகனாக அட்டிகஸைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன்பே, 1997-இல், அலபாமா வழக்கறிஞர் சங்கம் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டது. கற்பனைப் பாத்திரமாயிற்றே என்று யாருக்கும் உறுத்தவில்லை.

அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன பன்னிரண்டு பேரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நாவலை எழுதிய ஹார்ப்பர் லீயும் அவர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தவில்லை. வெயிலில் காய்ந்த, ஒல்லியான விவசாயிகள், அவ்வளவுதான். எனக்கென்னவோ நாவலின் கூர்மையான பகுதி அந்த ஜூரிப் பெட்டியைச் சுற்றித்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அதில் உட்கார்ந்தவர்களை விடுங்கள். உட்காராதவர்கள் யார், ஏன் உட்காரவில்லை என்று பார்த்தால் மேகோம் என்ற அந்தக் கற்பனை ஊரின் நல்லவர்களும் கெட்டவர்களும் வேறு வரிசையில் நிற்பது தெரியும்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1930-களின் நடுப்பகுதி, பொருளாதார மந்தம் வாட்டும் தெற்கு அலபாமா. ஸ்கவுட் என்ற சிறுமி தன் அண்ணன் ஜெம், கோடை விடுமுறைக்கு வரும் நண்பன் டில் ஆகியோருடன் சேர்ந்து, பக்கத்து வீட்டைவிட்டு வெளியே வராத பூ ராட்லி என்ற மனிதரைப் பார்த்துவிடத் துடிக்கிறாள். அவளுடைய அப்பா அட்டிகஸுக்கு ஒரு வழக்கு வருகிறது. டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி, மேயெல்லா யூவல் என்ற வெள்ளை இளம்பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றச்சாட்டு. மேயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம் காயம். டாமின் இடது கை சிறுவயதிலேயே பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போனது. பெண்ணின் தகப்பன் பாப் யூவலோ இடது கைக்காரன். இவ்வளவும் கோர்ட்டில் அம்பலமான பிறகும் ‘குற்றவாளி’ என்று தீர்ப்பு வருகிறது. சிறையிலிருந்து தப்ப முயன்றதாகச் சொல்லி டாமைச் சுட்டுக் கொல்கிறார்கள். உடம்பில் பதினேழு குண்டுகள்.

இந்தியாவில் ஜூரி முறை 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முற்றிலும் விடைபெற்றுவிட்டதால், அது எப்படி இயங்கும் என்பது இங்கே பலருக்கும் பழக்கமில்லை. குற்றவாளியா இல்லையா என்பதை முடிவு செய்வது நீதிபதி அல்ல, ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர். ஆகவே அந்த ஊர்க்காரர்களின் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். அலபாமா சட்டம் எந்த இடத்திலும் ‘கறுப்பர் கூடாது’ என்று சொல்லவில்லை. நேர்மைக்கும் நல்லொழுக்கத்துக்கும் நிதான புத்திக்கும் ஊரில் பெயர் பெற்ற ஆண்கள் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்றுதான் சொன்னது. அந்தப் பெயர் யாருக்கு உண்டு என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஜூரிக் கமிஷனர்களிடம் விடப்பட்டது. கமிஷனர்கள் வெள்ளையர்கள். நேர்மை என்ற சொல்லையே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அது எப்படி நடந்தது என்பதற்கு நாவலுக்கு வெளியே ஒரு சாட்சி இருக்கிறது. 1931 மார்ச் 25 அன்று சரக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒன்பது கறுப்பினப் பையன்களை அலபாமாவின் பெயின்ட் ராக் என்ற இடத்தில் பிடித்தார்கள். அதே ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைப் பெண்கள், இவர்கள் தங்களைப் பலாத்காரம் செய்ததாகச் சொன்னார்கள். ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் விசாரணை. சுமார் இரண்டு வாரத்தில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அவர்களுக்காக நின்றவர்களில் ஒருவர் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த சொத்துப் பத்திர வக்கீல்; முதல் நாளே போதையில் வந்ததாகச் சொல்வார்கள். இன்னொருவர் எழுபதை நெருங்கிய உள்ளூர் முதியவர். மரண தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கில் உருப்படியான வக்கீல் வேண்டும் என்று 1932-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. நாவலில் நீதிபதி டெய்லர், வழக்கமாக இத்தகைய வழக்குகளை வாங்கும் கற்றுக்குட்டி வக்கீலை விட்டுவிட்டு அட்டிகஸை நியமிக்கிறாரே, அந்த நியமனத்துக்குப் பின்னால் இந்தத் தீர்ப்பின் நிழல் இருக்கிறது.

அடுத்த சுற்றில்தான் ஜூரிப் பட்டியல் பிரச்சினை ஆனது. ஸ்காட்ஸ்பரோ இருந்த ஜாக்சன் மாவட்டத்தில் கறுப்பர் எவரும் ஜூரியில் உட்கார்ந்ததாக மூத்தவர்களுக்குக்கூட ஞாபகமில்லை. ஆனால் கேள்வி எழுந்ததும் பட்டியல் புத்தகத்தில் சில கறுப்பர் பெயர்கள் இருப்பதாகக் காட்டினார்கள். பையன்களுக்காக வாதாடிய வக்கீல் சாமுவேல் லீபோவிட்ஸ் அந்தப் புத்தகத்தையே வாஷிங்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பழைய பட்டியல் முடிந்த இடத்தைக் குறிக்கப் பின்னாளில் வந்த குமாஸ்தா சிவப்புக் கோடு போட்டிருந்தார். கறுப்பர் பெயர்கள் அந்தக் கோட்டின் மேலேயே எழுதப்பட்டிருந்தன. அதாவது கோடு போட்ட பிறகு செருகியவை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்து ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். 1935 ஏப்ரல் 1 அன்று, கறுப்பர்களைத் திட்டமிட்டு ஒதுக்கிய ஜூரி செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

நாவலில் டாம் ராபின்சன் வழக்கு நடப்பது 1935 கோடையில். அதாவது அந்தத் தீர்ப்பு வந்து சில மாதங்களில். மேகோம் கோர்ட்டில் ஜூரி முழுக்க வெள்ளையர். கறுப்பர்கள் மேலே மாடியில். அட்டிகஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜூரி செல்லாது என்று ஒரு மனுகூடப் போடுவதில்லை. கதைக்குள் மேல்முறையீட்டு நம்பிக்கை அடிக்கடி வருகிறது, ஆனால் எந்தக் காரணத்தைக் காட்டி மேல்முறையீடு என்பது வாசகருக்குச் சொல்லப்படவே இல்லை. லீ சட்டம் படித்தவர், இருந்தும் இதை விட்டுவிட்டார். சிறுமியின் கண் வழியே சொல்லும் கதைக்கு அது தேவையில்லை என்று நினைத்திருக்கலாம்.

கறுப்பர்கள் இல்லாதது ஒரு பக்கம். பெண்களும் இல்லை. தீர்ப்புக்குப் பிறகு ஜெம் அப்பாவிடம் கேட்கிறான்: நம்மைப் போன்றவர்களும் மாடி அத்தையும் ஏன் ஜூரியில் உட்காருவதே இல்லை? (மாடி அத்தை என்று நான் சொல்வது எதிர்வீட்டு மிஸ் மாடியை. ஊரிலேயே நேராகப் பேசும் பெண் அவர்.) பெண்களுக்கு இடமில்லை என்கிறார் அட்டிகஸ். ஸ்கவுட்டுக்குக் கோபம் வருகிறது. இப்படி அசிங்கமான வழக்குகளிலிருந்து மென்மையான பெண்களைக் காப்பாற்றத்தான் போலிருக்கிறது என்று அவர் சிரிக்கிறார். பெண்கள் உட்கார்ந்தால் கேள்வி கேட்டே வழக்கை முடிக்கவிட மாட்டார்கள் என்றும் சொல்கிறார். பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். படிக்கிற நாமும் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். ஆனால் அட்டிகஸ் வெறும் வக்கீல் இல்லை, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அந்தச் சட்டத்தை மாற்றும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர். அதே ஆண்டு மறுபடியும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அலபாமா ஜூரிகளில் பெண்கள் உட்காரலாம் என்பதை 1966-இல் ஒரு கூட்டரசு நீதிமன்றம்தான் உறுதி செய்தது. அப்போது நாவல் வெளியாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூன்றாவதாக இல்லாதவர்கள் ஊருக்குள் இருக்கும் படித்த, வசதியான வெள்ளை ஆண்கள். இவர்களைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒரு பகுதி அக்கறையின்மை, இன்னொரு பகுதி பயம் என்று அட்டிகஸ் பிள்ளைகளுக்கு விளக்குகிறார். கடை வைத்திருப்பவர் ஜூரியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் பக்கம் முடிவு சொல்ல வேண்டிவரும். மற்றவர் நாளைக்குக் கடைக்கு வர மாட்டார். அதனால் ஏதோ சாக்குச் சொல்லிக் கழன்றுகொள்வார். ஊரின் நல்ல மனிதர்கள் வீட்டில் இருக்க, பன்னிரண்டு நாற்காலிகளும் காட்டுப்புற விவசாயிகளுக்குப் போகின்றன.

இங்கே லீ ஒரு அபாரமான காரியம் செய்கிறார். அந்தப் பன்னிரண்டு பேரில் டாமை விடுவிக்க வேண்டும் என்று நெடுநேரம் அடம்பிடித்தவர் ஒருவர் இருந்தார். அவர் கன்னிங்ஹாம் வகையறா. முதல் நாள் இரவு டாமைச் சிறையிலிருந்து இழுத்துப்போட்டு அடித்துக் கொல்ல வந்த கும்பலில் இருந்த அதே குடும்பம். ஸ்கவுட் வெகுளித்தனமாக அவர்கள் நிலப் பிரச்சினையையும், தன் வகுப்பில் படிக்கும் வால்ட்டரையும் பற்றிப் பேசி அந்தக் கும்பலைக் கலைத்தாள் அல்லவா, அவர்களில் ஒருவரின் நெருங்கிய உறவினர்தான் மறுநாள் ஜூரி அறைக்குள் ஒற்றை ஆளாக நின்றவர். ஊரின் பண்பாளர்கள் செய்யாததை, கொல்ல வந்தவர்களின் சொந்தக்காரர் கொஞ்ச நேரமாவது செய்தார். கடைசியில் அவரும் பணிந்துவிட்டார், அது வேறு விஷயம்.

நாவலைக் கருணையின் கதை என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். சரி, அந்தக் கருணை யார் கையில், எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். அட்டிகஸின் வீட்டில், அங்கே வந்து தங்கியிருக்கும் அவருடைய சகோதரி அலெக்ஸாண்ட்ராவின் அழைப்பில் மிஷனரிச் சங்கப் பெண்கள் கூடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் ம்ருனா என்ற பழங்குடி படும் பாட்டை நினைத்து மெரிவெதர் அம்மாளுக்குக் கண் கலங்குகிறது. அடுத்த மூச்சில் தன் வீட்டுப் பணிப்பெண் சோஃபியைக் குறைசொல்கிறார்: டாம் வழக்குக்குப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிகிறாளாம், இயேசு இப்படியா முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார் என்று அவளுக்குப் புத்தி சொன்னாராம். அவளை இன்னும் வேலையில் வைத்திருப்பதே தன் பெருந்தன்மை, வாரம் ஒன்றேகால் டாலர் அவளுக்குத் தேவைப்படுகிறதே என்கிறார். இந்தக் கேக்கும் காபியும் பரிமாறும் நேரத்தில்தான் டாம் சுடப்பட்ட செய்தி சமையலறைக்கு வருகிறது. கேட்ட பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கூடத்துக்குப் போகிறார்கள். இனவெறியைக் காட்டும் அமெரிக்க எழுத்தில் இவ்வளவு மென்மையாகப் பேசியபடி இவ்வளவு ஆழமாகக் குத்தும் பக்கங்கள் குறைவு.

இதற்கு எதிர்ப்புறத்தில் கறுப்பர்களின் தேவாலயம். விடுதலை பெற்ற அடிமைகள் தங்கள் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய கட்டடம்; வார நாட்களில் வெள்ளையர்கள் அங்கே சூதாடுவார்கள். சமையல்காரி கல்பூர்னியா பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறாள். பாட்டுப் புத்தகம் கிடையாது, இருந்தாலும் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். ஒருவர் வரி சொல்ல எல்லோரும் பின்பாட்டுப் பாடுகிறார்கள். அப்புறம் காணிக்கை. டாமின் மனைவி ஹெலனுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை, பிள்ளைகளை விட்டுவிட்டும் போக முடியாது. பத்து டாலர் சேரும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று சைக்ஸ் பாதிரியார் கதவைச் சாத்தச் சொல்கிறார். ஐந்து சென்ட், பத்து சென்ட் காசுகளாகப் பத்து டாலர் சேருகிறது. சோஃபியின் அந்த வாரச் சம்பளத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்தக் கூட்டத்துக்குப் பத்து டாலர் என்றால் என்ன என்று புரியும்.

நாவலின் மிகப் பெரிய கருணைச் செயல் டாம் செய்தது. மேயெல்லாவின் வீடு குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முற்றத்து மூலையில் உடைந்த பாத்திரங்களில் சிவப்பு ஜெரேனியம் செடிகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். ஏழு தம்பி தங்கைகள், குடிகாரத் தகப்பன், ஒரு சிநேகிதிகூட இல்லை. டாம் வேலைக்குப் போகும் வழியில் அவளுக்கு விறகு பிளப்பான், தண்ணீர் சுமப்பான். காசு கொடுத்தாலும் வாங்க மாட்டான். சும்மா ஏன் இவ்வளவு வேலை செய்தாய் என்று அரசுத் தரப்பு வக்கீல் குடைகிறார். அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறான். சொன்ன கணமே தவறு செய்துவிட்டோம் என்று அவனுக்கே தெரிகிறது. கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அதுவரை அவன் ஒரு குற்றம் சாட்டப்பட்டவன். அந்த வாக்கியத்துக்குப் பிறகு, வெள்ளைக்காரி ஒருத்திமேல் இரக்கப்படும் துணிச்சல் உள்ள கறுப்பன். இரக்கம் மேலிருந்து கீழே போகலாம், கீழிருந்து மேலே வரக்கூடாது என்பதுதான் மேகோமின் எழுதாத சட்டம். மெரிவெதர் அம்மாள் ம்ருனாக்களுக்காக அழலாம். டாம், மேயெல்லாவுக்காக வருந்தினால் உயிர் போகும்.

ஹார்ப்பர் லீக்கு இதெல்லாம் எங்கிருந்து கிடைத்தது? அவர் 1926-இல் பிறந்த மன்ரோவில் ஊர்தான் மேகோம். டில், பக்கத்து வீட்டுப் பையன் ட்ரூமன் கப்போட்டி, பின்னாளில் அவரும் எழுத்தாளர். அப்பா அமாசா கோல்மன் லீ வக்கீல், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், 1926 முதல் 1938 வரை சட்டமன்ற உறுப்பினர். அவர் 1919-இல், வெள்ளைக் கடைக்காரர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத் தகப்பனுக்கும் மகனுக்கும் வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பின் அவர் குற்ற வழக்கே எடுக்கவில்லை. 1933-இல் வால்ட்டர் லெட் என்ற கறுப்பினத்தவர்மேல் மன்ரோவிலில் ஒரு வெள்ளைப் பெண் பலாத்காரப் புகார் கொடுத்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஆனால் அதற்குள் அவர் மனம் சிதைந்துவிட்டது, காவலிலேயே இறந்தார். அப்போது லீக்கு ஏழு, எட்டு வயது, கிட்டத்தட்ட ஸ்கவுட்டின் வயது.

எழுதியது வேறு காலத்தில். நியூயார்க்கில் விமான நிறுவனத்தில் டிக்கெட் பதிவு செய்யும் வேலையில் இருந்த லீக்கு, 1956 கிறிஸ்துமஸுக்கு மைக்கேல் - ஜாய் பிரவுன் தம்பதி ஓராண்டுச் சம்பளத்தைப் பரிசாகக் கொடுத்து, போய் எழுது என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுப் பையனைக் கொன்ற இருவரை, வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரச் சொச்சத்தில் விடுவித்தது. சில மாதம் கழித்து அந்த இருவரும் காசு வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். மான்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. லீ படித்த அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்தே ஆதரின் லூசி என்ற முதல் கறுப்பின மாணவியைக் கும்பல் விரட்டியது. 1960 ஜூலையில் நாவலை வாங்கியவர்கள் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதையைப் படிப்பதாக நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. 1961-இல் புலிட்சர் விருதும் கிடைத்தது.

முதலில் எழுதிக் கொடுத்த பிரதி இது இல்லை என்பதும் 2015-இல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்ற அந்தப் பழைய பிரதியில் வளர்ந்த ஸ்கவுட் ஊர் திரும்பி, அதே கோர்ட் மாடியில் உட்கார்ந்து கீழே பார்க்கிறாள். அப்பா, இனக்கலப்பை எதிர்க்கும் வெள்ளையர் மன்றக் கூட்டத்தில் இருக்கிறார். பதிப்பக எடிட்டர் டே ஹோஹாஃப் அதை வாங்கி, குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதச் சொல்லி, இரண்டு வருடத்துக்கும் மேல் கூட இருந்து வேலை வாங்கியதில்தான் நாம் அறிந்த நாவல் பிறந்தது. அட்டிகஸ் கெட்டுப்போய்விட்டாரே என்று 2015-இல் பல வாசகர்கள் மனம் நொந்தார்கள். மன்றக் கூட்டத்துக்குப் போகும் அட்டிகஸும், பெண்கள் ஜூரியைப் பற்றிச் சிரிக்கும் சட்டமன்ற உறுப்பினர் அட்டிகஸும் எனக்கு அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. 1992-லேயே மன்ரோ ஃப்ரீட்மன் என்ற சட்டப் பேராசிரியர் இதைச் சொல்லி வக்கீல்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்: கோர்ட் நியமித்ததால் வழக்கை எடுத்தாரே தவிர, பிரித்து வைக்கும் அந்த ஊர் ஏற்பாட்டை மாற்ற அட்டிகஸ் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை என்பது அவர் வாதம்.

பள்ளிகளில் இந்த நாவலைத் தடுக்கக் காரணங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1966-இல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டப் பள்ளி வாரியம் ஒழுக்கக்கேடானது என்று தடை செய்தது. லீ உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பத்து டாலர் அனுப்பி, வாரிய உறுப்பினர்களை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். இப்போது வரும் ஆட்சேபணை வேறு. கறுப்பரை இழிவாக அழைக்கும் சொல் நிறைந்திருப்பதும், கறுப்பர்கள் பேசாமல் நிற்க வெள்ளையர் ஒருவர் காப்பாற்ற வருவதும் கறுப்பின மாணவர்களைச் சங்கடப்படுத்துகிறது என்கிறார்கள். 2017-இல் மிசிசிப்பியின் பிலாக்ஸியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இது எடுக்கப்பட்டது. முதல் தடையைச் சிரித்து ஒதுக்கலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஹெலனும் கல்பூர்னியாவும் வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள் என்று நாவலில் ஒரு பக்கம்கூட இல்லை.

மன்ரோவிலில் பழைய கோர்ட் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். வருடா வருடம் நாவலை நாடகமாகப் போடுகிறார்கள், ஜூரிக்குப் பார்வையாளர்களிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். 1986 நவம்பரில் அதே ஊரில் ஒரு வெள்ளை இளம்பெண் கொல்லப்பட்டார். வால்ட்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவரைப் பிடித்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டு வாசலில் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள், எல்லோரும் கறுப்பர்கள். விசாரணை தொடங்கும் முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகள் பிரிவில் அடைத்தார்கள். வழக்கை வெள்ளையர் பெருவாரியாக உள்ள பால்ட்வின் மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ஜூரியில் பதினொரு வெள்ளையர், ஒரு கறுப்பர். ஒன்றரை நாளில் விசாரணை முடிந்தது. ஜூரி பரிந்துரைத்தது ஆயுள் தண்டனை. நீதிபதி அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதித்தார். பிரையன் ஸ்டீவன்சன் என்ற இளம் வக்கீல் வழக்கைத் தோண்டி எடுத்து, சாட்சி பொய் சொன்னதை நிரூபித்து, 1993 மார்ச்சில் மெக்மில்லியன் விடுதலையானார். ஊர் அந்த நாவலைக் கொண்டாடிக்கொண்டிருந்த வருடங்களில்தான் இது நடந்தது என்பதை ஸ்டீவன்சன் பின்னாளில் எழுதினார்.

ஜூரி சொன்னதை மீறி நீதிபதி மரண தண்டனை விதிக்கும் அதிகாரத்தை அலபாமா 2017-இல் ரத்து செய்தது. அதற்கு முன்பு அப்படித் தண்டனை பெற்றவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.